பெயர்ப்பலகை காட்டிய பிழை

நீங்கள் மூன்று வாரம் உழைத்து, அட்டையிலும் நெகிழியிலும் ஒரு கட்டடத்தின் மாதிரியைச் செய்து கண்காட்சி மேசையில் வைத்திருக்கிறீர்கள். நடுவர் வருகிறார். ஒரு முறை சுற்றிப் பார்க்கிறார். "நன்றாக இருக்கிறது. அளவு விகிதம் என்ன?" என்று கேட்கிறார். உங்களால் உடனே பதில் சொல்ல முடியுமா?

கடந்த ஆண்டு எங்கள் பள்ளிக் கண்காட்சியில் மூன்று மாணவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் செய்திருந்தது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 45 சென்டிமீட்டர் உயரம், சன்னல் வரிசைகூடத் தவறாமல் வரைந்த அருமையான வேலை. அதன் அடியில் ஒட்டியிருந்த காகிதத் துண்டு நம் ஊர் ஈரக்காற்றில் சுருண்டு, "இரட்டைக் கோ" என்பதோடு நின்றுவிட்டது. நடுவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த மூவரும் இந்த ஆண்டு அதே மாதிரிக்கு ஒரு பெயர்ப்பலகை செய்தார்கள். காகிதத்தில் அல்ல, செம்புத் தகட்டில். அதைச் செய்யும்போது அவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். முதலில், அப்படி ஒரு பலகையை நீங்களே செய்வது எப்படி என்று பார்ப்போம்.

பலகையில் என்ன எழுதுவது?

பெயர் மட்டும் போதாது. மாதிரியின் பெயர், அளவு விகிதம், உண்மைப் பொருளின் அளவு, செய்தவர் பெயர், ஆண்டு ஆகிய ஐந்தும் வேண்டும். இவற்றில் தவறு அதிகம் நேர்வது அளவு விகிதத்தில்தான்.

1:1000 என்றால் மாதிரியில் 1 சென்டிமீட்டர், உண்மையில் 1000 சென்டிமீட்டர், அதாவது 10 மீட்டர். இரட்டைக் கோபுரத்தின் உயரம் 451.9 மீட்டர். அதை 1000ஆல் வகுத்தால் 45.19 சென்டிமீட்டர். உங்கள் மாதிரி 45.2 சென்டிமீட்டர் இருந்தால் 1:1000 என்று தயங்காமல் எழுதலாம்.

கடையில் வாங்கும் மாதிரிப் பெட்டிகளிலும் இதே கணக்குத்தான். உங்களில் பலர் குண்டாம் ரோபோ சேர்ப்பவர்கள். முதல் குண்டாமின் கற்பனை உயரம் 18 மீட்டர். 1:144 பெட்டியில் அது 12.5 சென்டிமீட்டர், 1:100 பெட்டியில் 18 சென்டிமீட்டர். விமான மாதிரிகளில் வரும் 1:72, 1:48 என்ற விசித்திரமான எண்கள் அங்குலக் கணக்கிலிருந்து வந்தவை. 6 அடி என்பது 72 அங்குலம். ஆகவே 1:72 மாதிரியில் 6 அடி மனிதன் சரியாக 1 அங்குலம் நிற்பான். 1:48 மாதிரியில் 1 அங்குலம் என்பது 4 அடி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உயரம் மட்டும் சரியாக இருந்தால் அது அளவு மாதிரி ஆகிவிடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே எண்ணால் வகுபட வேண்டும். எனவே ஓர் அளவை மட்டும் நம்பாமல், குறைந்தது மூன்று இடங்களை அளந்து, மூன்றுக்கும் தனித்தனியே விகிதம் கண்டுபிடியுங்கள். விடைகள் நெருங்கி வந்தால்தான் பலகையில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

சிறு வேறுபாடு இருந்தால்? அதைச் சொல்லிவிட்டால் போதும். நம் நாட்டு ரயில் தண்டவாளத்தின் அகலம் 1000 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 11.5 மில்லிமீட்டர்தான். ஆனால் மாதிரி ரயில் செய்பவர்கள் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அரை மில்லிமீட்டர் எல்லாருக்கும் தெரிந்த வேறுபாடு. யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதில்லை.

எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

கண் பரிசோதனை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணத்தில் தெரியும் நுணுக்கத்தைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தூரத்தில் இது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். ஓர் ஆங்கில எழுத்தை அடையாளம் காண இதைப்போல் ஐந்து மடங்கு உயரம், அதாவது சுமார் 1.5 மில்லிமீட்டர் தேவை. அதுவும் நல்ல வெளிச்சத்தில், உற்றுப் பார்த்தால்தான். சிரமமின்றிப் படிக்க மூன்று மடங்காவது வேண்டும். ஆகவே மேசைக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 5 மில்லிமீட்டர் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள். 'ணை', 'ஞ' போன்ற எழுத்துகளில் ஆங்கில எழுத்துகளைவிட வளைவுகள் அதிகம். புள்ளியோ மிகச் சிறியது. அது மறைந்தால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். முன்னாளில் பனையோலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். கண்காட்சிக்கு வரும் சிறுவனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. புள்ளியின் விட்டம் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் இது தானாகவே அமைந்துவிடும்.

ஏன் செம்பு?

காகிதம் என்பது தாவர நார்களின் பின்னல். ஈரக்காற்றில் உள்ள நீரை அந்த நார்கள் உறிஞ்சி விரிகின்றன. ஒரு பக்கம் பசையோ பளபளப்பான பூச்சோ இருந்தால் அந்தப் பக்கம் விரியாது. மறுபக்கம் மட்டும் விரியும். அதனால்தான் காகிதப் பலகை சுருள்கிறது.

செம்பு அப்படிச் சுருள்வதில்லை. அதில் எழுதுவது நமக்குப் புதிதும் அல்ல. சோழர்கள் தங்கள் கொடைகளைச் செப்பேடுகளில் வெட்டிவைத்தார்கள். லைடன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் 21 ஏடுகள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கடாரத்து அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜ சோழன் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. கடாரம் என்பது நம் கெடா. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த எழுத்தைப் படிக்க முடிகிறது.

அவர்கள் உளியால் வெட்டினார்கள். நாம் உப்பு நீரையும் மின்கலத்தையும் வைத்து வெட்டப் போகிறோம்.

மின்சாரம் எப்படிச் செதுக்குகிறது?

ஐந்தாம் படிவத்தில் எலெக்ட்ரோலிசிஸ் என்று படிப்பீர்கள், தமிழில் மின்பகுப்பு. இரண்டு உலோகத் துண்டுகளை உப்பு நீரில் வைத்து, ஒன்றை மின்கலத்தின் நேர்முனையோடும் மற்றதை எதிர்முனையோடும் இணைக்கிறோம். நேர்முனையில் உள்ள செம்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து, அயனிகளாகி நீருக்குள் இறங்குகின்றன. தகடு அந்த இடத்தில் கரைகிறது. எதிர்முனையில் நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு குமிழ்களாக வெளிவருகிறது. அங்கே உருவாகும் ஹைட்ராக்சைடு அயனிகள் செம்போடு சேரும்போது மஞ்சள், பச்சை கலந்த சேறு அடியில் படிகிறது.

தகட்டில் மின்சாரம் தொடாதபடி ஓரிடத்தை மூடிவைத்தால் அந்த இடம் கரையாது. எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டால் எழுத்து மட்டும் பள்ளமாகும். இந்தச் செய்முறையின் இரகசியம் இவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் ஆகும்? பாரடேயின் விதி இதற்குப் பதில் சொல்கிறது. 63.5 கிராம் செம்பு இரண்டு எலக்ட்ரான் கணக்கில் கரைய 1,93,000 கூலம் மின்னூட்டம் வேண்டும். 0.3 ஆம்பியர் மின்னோட்டம் 30 நிமிடம் ஓடினால் 0.3 × 1800 = 540 கூலம். அப்படியானால் கரையும் செம்பு சுமார் 0.18 கிராம். செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். எழுத்துகளின் மொத்தப் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்றால், பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். ஒரு காகிதத் தாளின் தடிமனைவிடச் சற்றுக் குறைவு. வண்ணம் நிரப்ப இது போதும். உப்பு நீரில் செம்பு ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்தும் கரைவதுண்டு. அதனால் உங்களுக்கு இதைவிடக் கூடுதல் ஆழம் கிடைக்கலாம். செய்து, அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்முறை

ஆசிரியர் அல்லது பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். கண்ணாடிக் கவசமும் கையுறையும் அணியுங்கள்.

1. அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள செம்புத் தகட்டை 8 × 3 சென்டிமீட்டர் அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஓரங்களை அரத்தால் மழுங்கச் செய்யுங்கள். மெல்லிய மணல்தாளால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள். பிறகு மேற்பரப்பை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த படி சரியாக ஒட்டாது.

2. கணினியில் பலகையை வரையுங்கள். பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை. முழுவதையும் இடவலமாகத் திருப்பிவிடுங்கள். கண்ணாடியில் காட்டினால் நேராகத் தெரிய வேண்டும். பழைய சஞ்சிகையின் பளபளப்பான தாளில் லேசர் அச்சுப்பொறியால் அச்சிடுங்கள். மை தெளிக்கும் அச்சுப்பொறி இதற்கு உதவாது. லேசர் அச்சுப்பொறியின் டோனர் ஒரு நெகிழித் தூள். சூட்டில் உருகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மைக்கு அந்தக் குணம் இல்லை.

3. அச்சிட்ட பக்கத்தைத் தகட்டின் மேல் கவிழ்த்து, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியால் நான்கைந்து நிமிடம் அழுத்துங்கள். தகடு மிகவும் சூடாகும், கையால் தொடாதீர்கள். ஆறிய பிறகு நீரில் ஊறவைத்துத் தாளை மெல்லத் தேய்த்து எடுத்தால் டோனர் மட்டும் தகட்டில் நிற்கும். விட்டுப்போன இடங்களை நகப்பூச்சால் சரிசெய்யுங்கள்.

4. தகட்டின் பின்பக்கத்தையும் ஓரங்களையும் ஒட்டுநாடாவால் நன்றாக மூடுங்கள். இதை மறந்தால் செம்பு பின்பக்கமிருந்தும் கரையும்.

5. நெகிழிக் கிண்ணத்தில் அரை லிட்டர் நீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரையுங்கள். நான்கு 1.5 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். நேர்முனையைப் பெயர்த்தகட்டோடும் எதிர்முனையை ஒரு பழைய செம்புத் துண்டோடும் இணையுங்கள். முதலைக் கவ்விகள் நீருக்கு மேலே இருக்கட்டும். நனைந்தால் நேர்முனைக் கவ்வியும் கரையும். இரண்டு தகடுகளும் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும். ஒன்றையொன்று தொடவே கூடாது.

6. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பைத் துண்டித்து, தகட்டை வெளியே எடுத்து, பழைய பல்துலக்கியால் எழுத்தில் படிந்த சேற்றைத் துடைத்துவிடுங்கள். நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும்போது நிறுத்தலாம். அதற்கு மேல் பேராசைப்படாதீர்கள். கரைதல் கீழ்நோக்கி மட்டும் அல்லாமல் பக்கவாட்டிலும் நடக்கிறது. நெருக்கமான கோடுகளுக்கு இடையே உள்ள டோனர் அடித்தளம் இழந்து பெயர்ந்துவிடும்.

7. கழுவி உலர்த்தி, பள்ளங்களில் கறுப்பு எனாமல் வண்ணத்தை நிரப்புங்கள். காய்ந்த பிறகு மிக மெல்லிய மணல்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி மேற்பரப்பைத் தேயுங்கள். டோனரும் மிகுதி வண்ணமும் போய், செம்பில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். உடனே தெளிந்த வார்னிஷ் பூசுங்கள். பூசாவிட்டால் காற்றும் வியர்வையும் பட்டுச் சில வாரங்களில் செம்பு மங்கிவிடும்.

அட்டையில் எழுத்தை வெட்டி வண்ணம் தெளிக்கும் முறையையும் பலர் முயல்வார்கள். ஆங்கில எழுத்துகள் சிலவற்றுக்கு அது சரிவரும். ஆனால் 'க', 'ல', 'ழ' ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு வெட்டியவுடன் விழுந்துவிடும். டோனர் முறையில் அந்தத் துண்டும் தனியே தகட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வளைவும் சுழியும் நிறைந்த தமிழுக்கு இது பொருத்தமான முறை.

செய்யவே கூடாதவை

சுவரில் உள்ள மின்சாரத்தை எக்காரணத்துக்கும் பயன்படுத்தாதீர்கள். கைப்பேசி மின்னேற்றியின் கம்பியை வெட்டி இணைப்பதும் வேண்டாம். பேட்டரி மட்டும்தான், மின்னழுத்தத்தையும் கூட்டாதீர்கள், கூட்டினால் நேர்முனையில் குளோரின் வாயு வரக்கூடும். கிண்ணத்தின் அருகே நெருப்பு கூடாது. அங்கே வெளிவருவது ஹைட்ரஜன்.

துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியையோ தகட்டையோ நேர்முனையில் இணைக்கவே கூடாது. அந்த எஃகில் குரோமியம் இருக்கிறது. அது கரையும்போது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய குரோமியச் சேர்மங்கள் நீரில் உருவாகலாம். செம்பு கிடைக்காவிட்டால் பலகையே வேண்டாம் என்று விடுங்கள், எஃகுக்கு மாறாதீர்கள்.

கழிவு நீர் எங்கே போகும்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் தகடு முடிந்ததும் எல்லாரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மாணவி மட்டும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், இந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? பின்னால் இருக்கும் கால்வாயில் குட்டி மீன்கள் இருக்கின்றனவே?" என்றாள். செய்முறையை எழுதிய நான் அந்தப் படியை எழுத மறந்திருந்தேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. செம்பு நமக்கு மிகச் சிறிய அளவில் தேவையான சத்து. மீனுக்கும் நத்தைக்கும் பாசிக்கும் கரைந்த செம்பு சிறிதளவே ஆனாலும் நஞ்சு. அது மீனின் செவுளைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கிறது. குளங்களில் பாசியை அழிக்கச் செம்புச் சேர்மங்களைப் பயன்படுத்துவதும் இந்தக் குணத்தால்தான்.

எனவே அந்த நீரைக் கால்வாயிலோ கழுவுதொட்டியிலோ ஊற்றக் கூடாது. ஒரு நெகிழிப் புட்டியில் ஊற்றி, 'செம்புக் கழிவு, குடிக்காதீர்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குடிநீர்ப் புட்டியைப் பயன்படுத்தாதீர்கள். தம்பி தங்கைகள் குடித்துவிடலாம். தெளிந்த மேல்நீரையே அடுத்த தகட்டுக்கும் பயன்படுத்தலாம். எல்லாம் முடிந்ததும் சமையல் சோடாவைச் சேர்த்தால், கரைந்துள்ள செம்பின் பெரும்பகுதி வீழ்படிவாக அடியில் தங்கும். நீர் நிறமற்றுத் தெரிந்தாலும் செம்பு முழுவதும் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். புட்டியை அப்படியே பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒப்படையுங்கள். மற்ற இரசாயனக் கழிவோடு சேர்த்து முறைப்படி அகற்றுவார்கள்.

இவ்வளவு பொறுப்பை இப்போது ஏற்க முடியாது என்று தோன்றுகிறதா? படிவம் 1, 2 மாணவர்களுக்கு எளிய வழி உண்டு. சாப்பாடு கட்டும் அலுமினியத் தட்டின் தட்டையான அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். ஓரம் கையைக் கிழிக்காமல் மடித்துவிடுங்கள். அதைப் பழைய நாளிதழ் அடுக்கின் மேல் வைத்து, இடவலமாகத் திருப்பிய எழுத்தை மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மறுபக்கம் எழுத்து புடைத்து நிற்கும். இதில் மின்சாரமும் இல்லை, கழிவும் இல்லை. அலுமினியம் வளைந்த வடிவத்திலேயே நிற்கும் குணம்தான் இங்கே வேலை செய்கிறது.

இனி அந்த மூவரின் கதைக்கு வருவோம்

பலகையில் 1:1000 என்று பொறிப்பதற்கு முன், மூன்று இடங்களை அளந்து வரச் சொன்னேன். உயரம் சரி. இரு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலத்தின் நீளம் உண்மையில் சுமார் 58 மீட்டர், மாதிரியில் 5.8 சென்டிமீட்டர், அதுவும் சரி. மூன்றாவதாக, தரையிலிருந்து பாலத்தின் உயரம். உண்மையில் 170 மீட்டர். மாதிரியில் 17 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அவர்கள் ஒட்டியிருந்தது 15 சென்டிமீட்டரில்.

ஓராண்டாக அந்த மாதிரியைப் பார்த்தவர்கள் யாரும், நான் உட்பட, இதைக் கவனிக்கவில்லை. பாலத்தைப் பெயர்த்தால் கோபுரத்தின் சுவர் கிழியும். கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விட்டுவிடலாம்" என்றான் ஒருவன். இன்னொருவன் அளவு விகிதத்தையே எழுதாமல் விடலாம் என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. மதிய உணவு நேரம் முழுவதும் அவர்களே வாதாடினார்கள்.

மறுநாள் வரைபடத்தில் ஒரு வரி கூடியிருந்தது. தகட்டில் அது இப்படி வந்தது: 'அளவு 1:1000. வான்பாலம் மட்டும் 2 செ.மீ. கீழே உள்ளது.'

கண்காட்சி நாளில் நடுவர் குனிந்து அந்த வரியைப் படித்தார். "இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். மூவரும் அளவுகோலை எடுத்துக் காட்டிப் பேசத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவர் அந்த மேசையைவிட்டு நகர நெடுநேரம் ஆனது. அந்த மாதிரி இப்போது ஆய்வுக்கூட அலமாரியில், அதே பலகையோடு இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஏதாவது ஒரு மாதிரி இருக்கும். இந்த வார இறுதியில் ஓர் அளவுகோலை எடுத்து, மூன்று இடங்களை அளந்து பாருங்கள். பலகையைச் செய்வது அதற்குப் பிறகு.